ஸ்டெப்னி: ஒரு தெருப் பெயரும் மோட்டார்ப் பிரயாணியின் பெட்டியும்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், அங்குள்ள மோட்டார்ப் பட்டறைக்கு முதன்முறை சென்றபோது சற்றே திகைத்திருப்போம். நாம் திருப்புளி என்பது தில்லியில் பேச்கஸ். நாம் ஸ்பேனர் என்பது அங்கே பானா. பாதி இந்தியும் பாதிச் சைகையுமாக நம் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் பட்டறைச் சிறுவன் சிரித்துவிடுவான். ஆயினும் ஒரு சொல்லில் மட்டும் நமக்குத் தடுமாற்றமே நேர்ந்ததில்லை. காரின் பின்புறத்தில் கிடக்கும் மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்று சொன்னால் கன்னியாகுமரியிலும் விளங்கும், கான்பூரிலும் விளங்கும், கொல்கத்தாவிலும் விளங்கும். அமெரிக்கர் ஒருவரிடம் சொன்னால்தான் அவர் நம்மை விழித்துப் பார்ப்பார்.

நாடு முழுவதற்கும் பொதுவாகிவிட்ட இச்சொல் எங்கிருந்து வந்தது? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர் அது. அத்தெருவின் பெயர் நம் லாரி ஓட்டுநர்களின் நாவில் வந்து குடியேறிய கதை, மோட்டார்ப் பிரயாணி தன்னுடன் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்திருக்கும் தேர்வின் கதையுமாகும். நீண்ட பயணம் புறப்படும் முன் நாமும் அந்தத் தேர்வைச் செய்தாகவேண்டும். ஆதலின் அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மோட்டார் வண்டியின் முதல் நெடும் பயணத்தைச் செய்தவர் ஒரு பெண்மணி. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து, கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் கணவருக்குச் சொல்லாமலே, இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் புறப்பட்டார். ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டை அடைய அவர் கடந்த தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெட்ரோல் நிலையம் என்ற ஒன்று உலகில் இல்லாத காலம் அது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் கறை நீக்க விற்ற லிக்ராயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தித் திறந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் ஒரு செம்மானிடம் தோல் அடிக்கச் செய்தார். தளர்ந்த சங்கிலியைக் கொல்லரொருவர் இறுக்கிக் கொடுத்தார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஊசியையும் பட்டையையும் சொல்லி வியப்பார்கள். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. அந்த அம்மையார் தம்மிடம் இருந்த பொருளைக் கருவியாக்கினார். இல்லாததற்கு வழியிலிருந்த மருந்துக் கடைக்காரரையும் செம்மானையும் கொல்லரையும் நாடினார். எந்தப் பழுதுக்கு யாரிடம் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பெட்டியின் பாதி தலைக்குள் இருந்தது.

அதன்பின் வந்த மோட்டார்காரர்களை வாட்டியெடுத்தது என்ஜின் அன்று, டயர். காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை மோட்டார் வண்டிக்குப் பொருத்தலாம் என்று காட்ட, பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள் 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் பந்தயத்தில் வண்டி ஓட்டினார்கள். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வழியெல்லாம் பஞ்சர். வெற்றி கிட்டவில்லை; ஆனால் காற்றடைத்த டயர் ஓடும் என்பதை ஊரறியச் செய்துவிட்டார்கள்.

அக்காலத்துப் பஞ்சரை இக்காலத்துப் பஞ்சரோடு ஒப்பிடுதல் ஆகாது. இன்று நான்கு நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடுகிறது. அன்று மரக்கால்கள் கொண்ட சக்கரம் அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றுவதென்பது வழியில் நடக்கிற காரியமன்று. ஆகவே சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க, டயரைத்தான் உரிக்கவேண்டும். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, இரும்பு நெம்புகோல்களால் டயரின் விளிம்பைச் சிறிது சிறிதாக நெம்பி வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் ட்யூபை உருவி, துளையைத் தேடிக் கண்டுபிடித்து, அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, ரப்பர்த் துண்டை ஒட்டி, காயும்வரை காத்திருந்து, மறுபடி உள்ளே திணித்து, கைப்பம்பினால் காற்றடிக்க வேண்டும். மழையிலும் புழுதியிலும் இதைச் செய்தவர்கள், டயரின் உள்ளே தங்கிவிட்ட ஒரு மணற்பரலால் அடுத்த கல் தொலைவிலேயே மறுபடியும் இதைச் செய்தார்கள். அக்காலக் கருவிப் பெட்டி கனமாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான் லனெல்லி ஊர்க்காரரான தாமஸ் மோரிஸ் டேவிஸ் வருகிறார். 1904-ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. சக்கரத்தைக் கழற்ற இயலாவிட்டால் போகட்டும். அதன் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டிவிட்டால் என்ன? மரக்கால்கள் இல்லாத ஓர் இரும்பு வளையம். அதன்மேல் முன்பே காற்றடைத்த டயர். வளையத்தில் சில பிடிப்புகள். பஞ்சரான சக்கரத்தின் விளிம்போடு இதனை அழுத்திப் பூட்டிவிட்டால், வண்டியின் பாரத்தைப் புது டயர் தாங்கிக்கொள்ளும். பழைய டயர் காற்றில்லாமல் சும்மா உடன் சுழலும். அடுத்த ஊர் போய்ச்சேர இது போதும். டேவிஸ் தம் சகோதரருடன் சேர்ந்து இதனைத் தயாரித்தார். பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். ஆதலின் சரக்குக்கும் ஸ்டெப்னி என்றே பெயர் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஸ்டெப்னியின் ஆயுள் நீண்டதன்று. சக்கரத்தையே அச்சிலிருந்து எளிதாகக் கழற்றி மாட்டும் வகை வந்தபின், முழுச் சக்கரமொன்றை உடன்கொண்டு செல்வதே வழக்கமாயிற்று. டேவிஸின் வளையத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. பொருள் போனது, பெயர் இங்கே தங்கியது. இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் மால்டாத் தீவிலும் மாற்றுச் சக்கரம் இன்றும் ஸ்டெப்னியே.

ஸ்டெப்னி பிறந்த அதே காலத்தில், சாலையே இல்லாத நிலங்களைக் கடக்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நமக்குப் பாடமாகத் தக்கது. 1903-இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர், ஐம்பது டாலர் பந்தயத்துக்காக, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் காரோட்டிச் சென்றார். உடன் வந்தவர் சூவல் கிராக்கர் என்ற மெக்கானிக். அறுபத்துமூன்று நாட் பயணம். புறப்படும்போது துப்பாக்கிகள், தொலைநோக்கி, காமிரா, சமையற் பாத்திரங்கள், கோடரி, மண்வெட்டி என்று வண்டி நிறையச் சுமந்தார்கள். மாற்று டயரோ ஒன்றுக்குமேல் கிடைக்கவில்லை. கட்டிவைத்த பாத்திரங்கள் குலுக்கலில் வழியெங்கும் உதிர்ந்தன. டயரும் ட்யூபும் தீர்ந்தபோது சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஓட்டினார்கள். உண்மையில் கைகொடுத்தது கப்பியும் கயிறுமே. சேற்றில் புதைந்த வண்டியை அக்கப்பியால்தான் திரும்பத் திரும்ப இழுத்துக் கரையேற்றினார்கள். சக்கர அச்சின் பேரிங் உடைந்தபோது, ஒரு குடியானவரின் புல்லறுக்கும் இயந்திரத்திலிருந்து பேரிங்கை விலைக்கு வாங்கிப் பொருத்தினார்கள்.

1907-இல் பீக்கிங்கிலிருந்து பாரிசுக்கு நடந்த ஓட்டத்தில் வென்ற இத்தாலியப் பிரபு ஷிப்பியோனே போர்கேசே இன்னும் கவனமாகத் திட்டமிட்டவர். அவருடைய இடாலா காரின் சேறு தடுக்கும் பலகைகள் கழற்றக்கூடிய நீண்ட இரும்புத் தகடுகளாகவே செய்யப்பட்டிருந்தன. பள்ளம் குறுக்கிட்டால் அவையே பாலம். ஒரே பொருளுக்கு இரு பயன். ஆயினும் ருஷ்ய நாட்டில் ஒரு சக்கரம் நொறுங்கியபோது அவரைக் காத்தது கிராமத்துத் தச்சர் ஒருவரின் கோடரிதான்; புதுச் சக்கரத்தை அவர் மரத்திலிருந்தே செதுக்கிக் கொடுத்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். வயது முதிர்ந்த நேயர்களுக்கு அம்பாஸடர் காரின் டிக்கி நினைவிருக்கும். வங்காளத்தில் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட அந்த வண்டியும், பம்பாய் குர்லாவில் செய்யப்பட்ட பியட்டும், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில், டிக்கியின் ஒரு மூலை சிறு பட்டறையாகவே இருந்தது. ஸ்டார்ட்டிங் ஹாண்டில் எனும் வளைந்த இரும்புக் கம்பி அதில் முதலிடம் பெறும். அமெரிக்காவில் காடிலாக் கார் 1912-ஆம் ஆண்டு மாதிரியிலேயே மின்விசையால் கிளம்பத் தொடங்கிவிட்டது. எனினும் நம் நாட்டில் பாட்டரி கைவிட்ட குளிர்காலக் காலைகளில் பல்லாண்டுகள் வரை ஹாண்டிலே வண்டியை எழுப்பியது. அதைச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டே முறிந்துவிடும்.

அதனருகில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒரு பிளக், பிளாட்டினம் பாயிண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் தொடுமுனைகள், அவற்றைத் தேய்க்க உப்புத்தாள், ஒரு கண்டென்சர், சில பியூஸ்கள். மேலே சுருட்டிவைத்த ஃபேன் பெல்ட். தண்ணீர்த் தகரம் ஒன்று கட்டாயம்; மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விடாத நாளில்லை. கோடையில் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே எரிபொருள் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஈரத் துணியை அதன்மேல் சுற்றிக் கால்மணி நேரம் நிழலில் காத்திருப்பார்கள். பெட்ரோல் தொட்டி கசிந்தால் சலவைச் சோப்பைக் குழைத்து அடைப்பார்கள். பெட்ரோலில் சோப்பு கரைவதில்லை. ராஜஸ்தான் பக்கம் வண்டியின் முன்புறத்தில் கான்வாஸ் பையில் தண்ணீர் தொங்கும். துணி வழியே கசிந்து ஆவியாகும் நீர், எஞ்சிய நீரைக் குளிர்விக்கும். வண்டிக்கும் அது பயன்படும், மனிதருக்கும் பயன்படும்.

இவற்றையெல்லாம் பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வண்டிகள் அடிக்கடி நின்றன. அதனால்தான் அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. 1983 டிசம்பரில் குர்காவிலிருந்து மாருதி 800 வெளிவந்ததிலிருந்தும், 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிக் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீச்சும் முறை பரவியதிலிருந்தும், பிஸ்கட் டப்பாவுக்கு அநேகமாக விடுதலை கிடைத்துவிட்டது. தொடுமுனை இல்லாத வண்டியில் உப்புத்தாளுக்கு என்ன வேலை? மின்னணுப் பெட்டி பழுதானால் நாமும் ஒன்றும் செய்ய இயலாது. வழியிலிருக்கும் கொல்லரும் ஒன்றும் செய்ய இயலாது.

ஸ்டெப்னிக்கும் இப்போது விடை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2020-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வண்டியில் ட்யூப் இல்லாத டயரும், காற்றழுத்தம் குறைந்தால் அறிவிக்கும் கருவியும், டயரைச் செப்பனிடும் பெட்டியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் தேவையில்லை. இடம் மிச்சம், மின்சார வண்டியில் பாட்டரிக்கு அந்த இடம் உதவும். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு இது பொருத்தமே. ஆனால் பெட்டியில் உள்ள பசை, டயரின் நடுப்பகுதியில் ஆணி குத்திய சிறு துளையைத்தான் அடைக்கும். டயரின் பக்கச்சுவர் கல்லில் மோதிக் கிழிந்தால் பசையால் பயனில்லை. விடுமுறைக்குத் தில்லியிலிருந்து நாக்பூர், ஐதராபாத் வழியாகத் தென்னாடு வரை காரோட்டி வரும் நம்மவர், வண்டி வாங்கும்போதே மாற்றுச் சக்கரம் உண்டா, உண்டெனில் முழு அளவா, மெலிந்த தற்காலிகச் சக்கரமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மெலிந்த சக்கரத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்குமேல் போகலாகாது என்று அதன்மேலேயே பொறித்திருப்பார்கள்.

வண்டியைச் செப்பனிடும் கருவிகளின் காலம் இவ்வாறு மறைந்துவர, வேறொரு வகைப் பொருளுக்கு முதலிடம் வந்திருக்கிறது. நின்றுபோன வண்டியைவிட, அதன் பக்கத்தில் நிற்கும் மனிதரே இன்று பெரிய ஆபத்தில் இருக்கிறார். பழைய நாட்களில் நம் லாரிக்காரர்கள் வண்டி நின்றால் ஒரு தழைக்கொப்பை ஒடித்துப் பின்னால் வைப்பார்கள். நாலைந்து கற்களை வரிசையாக அடுக்குவார்கள். குறிப்பு எல்லாருக்கும் விளங்கும். ஆனால் வண்டி கிளம்பிப் போனபின் கற்கள் அங்கேயே கிடக்கும். இருளில் வருகிற அடுத்தவருக்கு அவையே எமன். 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, ஒளியைத் திருப்பிக் காட்டும் முக்கோணப் பலகையைப் பல நாடுகளுக்கு உரிய அடையாளமாக்கியது. நம் நாட்டில் 1989-இன் விதிகளின்கீழ் அதனையும் முதலுதவிப் பெட்டியையும் புது வண்டியோடு தருகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அவ்வுறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறோம்?

அதை எங்கே வைப்பது என்பதில் சிறு கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. நம் வண்டிக்கு ஐம்பது மீட்டர் பின்னால் பலகையை வைத்தால், வருகிறவருக்கு நாம் கொடுப்பது இரண்டே விநாடி. நெடுஞ்சாலையில் நூறு மீட்டருக்குக் குறையாமல் நடந்துபோய் வைக்கவேண்டும். வளைவானால் வளைவுக்கு முன்பே வைக்கவேண்டும். நடந்துபோகிறவர் மேல் ஒளி காட்டும் சட்டை ஒன்று இருந்தால் நலம். மற்றவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்திராமல் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நிற்கவேண்டும். மார்கழி, தை மாதங்களில் வட இந்தியாவில் இறங்கும் மூடுபனியில் இந்த நூறு ரூபாய்ச் சட்டையைவிட விலையுயர்ந்த பொருள் வேறில்லை.

தீயணைப்புக் குடுவையை டிக்கியில் வைப்பவர்கள் உண்டு. முன்பக்கம் புகையும்போது பின்பக்கம் ஓடி, சாமான்களை இறக்கி அதைத் தேடுவதென்றால் காரியம் முடிந்துவிடும். ஓட்டுநரின் கைக்கு எட்ட வைப்பதே முறை. முதலுதவிப் பெட்டியில் பாண்டேஜும் சுத்தமான பஞ்சும் கத்தரிக்கோலும் நம்பத்தக்கவை, மாத்திரைகளும் களிம்புகளும் மே மாதத்து மூடிய காரின் வெப்பத்தில் கெட்டுப்போகும், ஆண்டுதோறும் மாற்றவேண்டும். பாட்டரி இறந்தால் முன்பெல்லாம் நாலு பேர் தள்ளினார்கள். ஆட்டோமாட்டிக் கியர் வண்டி தள்ளினால் கிளம்பாது. எனவே இணைப்புக் கம்பிகள் வேண்டும். சிவப்பு முனையைச் சிவப்போடு இணைத்தபின், நல்ல பாட்டரியின் கறுப்பு முனையிலிருந்து வரும் கம்பியை, இறந்த பாட்டரியில் அல்லாமல், அவ்வண்டி என்ஜினின் வெறும் இரும்பில் மாட்டுவது வழக்கம். பாட்டரியருகே கசியும் ஹைட்ரஜன் வாயுவில் பொறி படாதிருக்கவே இந்த ஏற்பாடு. அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியோரம் ஒட்டிவிடலாம். பாட்டரி தீரும் குணம் கைபேசிக்கும் உண்டு அல்லவா? விபத்தில் சிக்கிய பிறருக்கு உதவ இறங்கினால், மொழி தெரியாத ஊரில் போலீசு, கோர்ட்டு என்று அலையவேண்டுமோ என்ற அச்சம் நம்மவரிடையே நிறைய உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை அவ்வகைத் தொல்லையிலிருந்து காக்கிறது.

இவ்வளவும் சொல்லும் எங்களுக்கும் ஒரு மாலை நன்றாகப் பாடம் கற்பித்தது. நாக்பூருக்குத் தெற்கே, பொழுது சாயும் வேளையில் பின்சக்கரம் போயிற்று. முக்கோணத்தை வைத்தோம், ஜாக்கியை வைத்தோம், சாமான்களை இறக்கி ஸ்டெப்னியை எடுத்தோம். அதில் பாதிக் காற்றுகூட இல்லை. வண்டி வாங்கியதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பார்த்தோமேயன்றி ஐந்தாவதை யாரும் நினைக்கவில்லை. அதுவும் போகட்டும் என்றால், நட்டு அசையவில்லை. பட்டறையில் காற்று விசைக் கருவியால் இறுக்கியிருந்த நட்டை, வண்டியோடு வந்த கையகல ஸ்பேனரால் திருப்ப எங்களில் ஒருவராலும் முடியவில்லை. ஏறி நின்றும் பார்த்தோம்.

அப்போது வந்து நின்ற லாரியின் ஓட்டுநருக்கும் எங்களுக்கும் பொது மொழி எதுவும் இல்லை. ‘ஸ்டெப்னி?’ என்றார். கையால் தட்டிக் காட்டினோம். ‘பானா?’ என்றார். நீட்டினோம். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் வண்டியிலிருந்து இரண்டடி நீள இரும்புக் குழாய்த் துண்டொன்றைக் கொண்டுவந்து ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி அழுத்தினார். நெம்புகோல் நீண்டால் விசை பெருகும் என்று நாங்களும் பள்ளியில் படித்ததுதான். நட்டுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுத் திரும்பின. பின்னர்த் தம் லாரியின் காற்றுக் குழாயிலிருந்தே எங்கள் ஸ்டெப்னிக்கும் காற்றடைத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. போகும்போது குழாய்த் துண்டை எங்கள் டிக்கியில் போட்டுவிட்டுப் போனார். இன்றும் அது அங்கேதான், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய துணியொன்றில் சுற்றியபடி கிடக்கிறது.